உலக ஜூடோ சாம்பியன்ஷிப்: தோற்றவர்களில் சிலருக்கு மட்டும் மறுவாய்ப்பு ஏன்?

கோத்தகிரித் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் தொடங்கிய ஜூடோ வகுப்பில் சேர்ந்து, இப்போது 44 கிலோ எடைப்பிரிவில் மாவட்ட அளவிலான போட்டிகளுக்குச் சென்று வருகிறாள். எனக்கு இந்த விளையாட்டில் முன்பழக்கம் எதுவும் இல்லை. கபடியும் வாலிபாலும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அவள் இதில் காட்டும் ஈடுபாட்டைக் கண்டபின், அவளோடு உட்கார்ந்து உலக சாம்பியன்ஷிப் போட்டிகளின் பதிவுகளைப் பார்க்கத் தொடங்கினேன். கடந்த 2025 ஜூன் மாதம் புடாபெஸ்ட் நகரில் நடந்த போட்டியின் பதிவுகளை இருவருமாகப் பெரும்பாலும் பார்த்துவிட்டோம்.

பார்க்கப் பார்க்கச் சில கேள்விகள் எழுகின்றன. முதலாவது, ஒரே நாளில் தோற்ற இருவரில் ஒருவர் மாலையில் மீண்டும் களமிறங்கி வெண்கலம் பெறுகிறார். மற்றவர் காலையிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். இந்த வேறுபாடு எந்த அடிப்படையில் வருகிறது? இரண்டாவது, யாரும் யாரையும் வீழ்த்தாமலேயே, நடுவர் தரும் தண்டனைகளால் சில ஆட்டங்கள் முடிந்துவிடுகின்றன. எங்கள் கண்ணுக்கு இருவரும் சமமாகப் போராடியதாகவே தெரிகிறது. நடுவர் எதைக் கண்டு தண்டிக்கிறார்? மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. இப்படிப்பட்ட ஒரு மேடையை மனத்தில் வைத்து, நீலகிரி போன்ற ஓரிடத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை தயாராக வேண்டுமென்றால், இந்த வயதில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் எங்கள் இருவருக்கும் பேருதவியாக இருக்கும்.

குன்னூர் பயிற்சியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. மகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முதல் கேள்விக்கு மட்டும் நான் விரிவாக விடை சொல்கிறேன். தண்டனைகளைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய நடுவர் ஒருவர் இருக்கிறார்.

உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு என 14 எடைப்பிரிவுகள் உள்ளன. நாளொன்றுக்கு இரண்டு பிரிவுகள் வீதம் ஏழு நாட்கள் தனிநபர் போட்டிகளும், எட்டாம் நாள் ஆண்களும் பெண்களும் சேர்ந்த கலப்பு அணிப் போட்டியும் நடப்பது இப்போதைய வழக்கம். இலகுவான பிரிவுகளே முதலில் வரும். எனவே பெண்கள் 48 கிலோவும் ஆண்கள் 60 கிலோவும் முதல் நாளிலேயே முடிந்துவிடும். ஒரு பிரிவில் 33 முதல் 64 பேர் வரை இருந்தால் தங்கம் வெல்ல ஆறு சுற்றுகள். அந்த ஆறு சுற்றுகளும் ஒரே நாளில் முடிய வேண்டும். 64 பேர் நிரம்பிய குலுக்கலாக இருந்தால் அவர்களில் 32 பேர் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வெளியேறுவார்கள். பல மாத உழைப்பும் பயணமும் நான்கு நிமிடங்களில், சில சமயம் நான்கு நொடிகளில், முடிந்துபோகும் போட்டி இது.

மறுவாய்ப்பு என்பது காலிறுதி வரை வந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. காலிறுதியில் தோற்ற நால்வரும், குலுக்கல் அட்டவணையின் தத்தம் பாதியில் இருவர் இருவராக மோதுவார்கள்; இதற்கு ரெப்பஷாஜ் என்று பெயர். அதில் வென்ற இருவரும், எதிர்ப் பாதியில் அரையிறுதியில் தோற்றவர்களோடு வெண்கலத்துக்காக மோதுவார்கள். அதனால்தான் இரண்டு வெண்கலங்கள், இரண்டு ஐந்தாம் இடங்கள், இரண்டு ஏழாம் இடங்கள் வருகின்றன. காலிறுதிக்கு முந்தைய சுற்றில் தோற்றவர், எத்தனை பெரிய வீரராக இருந்தாலும், அன்றோடு முடிந்தார். முன்பெல்லாம் இப்படி இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் வரை, அரையிறுதிக்கு முன்னேறியவரிடம் முந்தைய சுற்றுகளில் தோற்றவர்களுக்கும் மறுவாய்ப்பு கிடைத்தது. பின்னர் அது காலிறுதியாளர்களோடு நிறுத்தப்பட்டது.

இதன் கடுமையை உங்கள் மகளுக்குப் புரியவைக்க, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 52 கிலோ பிரிவைத் தேடிப் பாருங்கள். ஜப்பானின் உத்தா அபே அப்போது நான்கு முறை உலக சாம்பியன். டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். அவர் உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்டியோரோவாவைக் காலிறுதிக்கு முந்தைய சுற்றிலேயே சந்தித்து, ஆட்டத்தை உடனே முடிக்கும் முழுப்புள்ளியான இப்பான் முறையில் வீழ்ந்தார். கெல்டியோரோவா அன்று தங்கம் வென்றார். அபேயோ வெண்கலத்துக்குக்கூட ஆட முடியவில்லை. அரங்கத்தின் ஓரத்தில் அவர் கதறி அழுத காட்சியை உலகமே பார்த்தது. இரண்டு சுற்று தள்ளி, அரையிறுதியில், அதே எதிராளியிடம் அதே விதத்தில் தோற்றிருந்தால் அவர் வெண்கலத்துக்கு ஆடியிருப்பார்.

இங்கேதான் தரவரிசையின் முக்கியத்துவம் தெரிகிறது. உலகத் தரவரிசையில் முன்னிலையில் உள்ள எட்டுப் பேர் காலிறுதிக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்காதபடி குலுக்கல் அமைக்கப்படுகிறது. மற்றவர்கள் எங்கே விழுவார்கள் என்பது குலுக்கலின் கையில். உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றால் 2,000 தரவரிசைப் புள்ளிகள், கிராண்ட் ஸ்லாம் தொடரில் வென்றால் 1,000, கிராண்ட் பிரீயில் 700. ஆண்டு முழுவதும் நாடு நாடாகச் சென்று இப்புள்ளிகளைச் சேர்க்கிறவர்களுக்கே அந்தப் பாதுகாப்பான எட்டு இடங்கள். நம் நாட்டு வீராங்கனைகள் பெரும்பாலும் இதில்தான் அடிபடுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மணிப்பூரின் சுசீலா தேவிக்கு முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரியின் ஏவா செர்னோவிஸ்கி வாய்த்தார். அவர் 2012 லண்டனில் பதக்கம் பெற்றவர். பாரிஸில் துலிகா மானுக்கு முதல் ஆட்டத்தில் கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸ். நான்கு ஒலிம்பிக்குகளில் பதக்கம் வென்றவரிடம் துலிகா அரை நிமிடத்துக்குள் வீழ்ந்தார். இவ்விருவரும் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர்கள். அவர்களுடைய திறமையைக் குறைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது. குலுக்கலின் அந்த மூலையில் நின்று ஆடிப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

பழனிமலை நடுவர் எழுதியது:

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் வசிக்கிறேன். தேசிய அளவில் பல ஆண்டுகள் நடுவராக இருந்தவன் என்ற முறையில் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

புள்ளிகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதிராளியை வேகத்தோடும் வலுவோடும் கட்டுப்பாட்டோடும் முதுகு முழுமையாகப் படும்படி வீழ்த்தினால் இப்பான். ஆட்டம் அங்கேயே முடிந்தது. தரையில் 20 நொடிகள் அசையவிடாமல் அழுத்திப் பிடித்தாலும், கழுத்து நெரிப்பிலோ முழங்கைப் பூட்டிலோ எதிராளி தட்டிச் சரணடைந்தாலும் இப்பான்தான். அந்த அளவுகோல்களில் ஒன்று குறைந்தால் வஸா-ஆரி. 10 நொடிக்கு மேல் 20க்குள் பிடித்தாலும் அதுவே. இரண்டு வஸா-ஆரி சேர்ந்தால் இப்பானுக்குச் சமம். 2017இல் நீக்கப்பட்ட யூகோ என்ற சிறு புள்ளி 2025இல் மீண்டும் வந்துள்ளது. 5 முதல் 9 நொடி வரை பிடிப்பதற்கும் இப்போது அது கிடைக்கிறது. பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் கலந்து பார்க்கும்போது பலகையில் வேறுபாடு தெரிவதற்கு இதுவே காரணம், குழம்ப வேண்டாம்.

இனித் தண்டனை. நடுவர் தரும் சிறு தண்டனைக்கு ஷிடோ என்று பெயர். ஒருவருக்கு மூன்று ஷிடோ வந்தால் அவர் தகுதியிழந்து தோற்கிறார். எதற்கெல்லாம் ஷிடோ என்றால், தாக்காமல் காலம் கடத்துவது, தாக்குவதுபோல் பாவனை காட்டித் தரையில் விழுவது, களத்தின் எல்லைக்கு வெளியே கால் வைப்பது, உடலை வளைத்துத் தற்காப்பிலேயே நிற்பது, பிடி கொடுக்காமல் தட்டிக்கொண்டே இருப்பது ஆகியவை முதன்மையானவை. இருவரும் சமமாகப் போராடுவதாக உங்களுக்குத் தெரிவதற்குக் காரணம், கால்களையும் வீழ்த்துதலையும் மட்டும் கவனிப்பதாக இருக்கலாம். நடுவர் கைகளைப் பார்க்கிறார். எதிராளியின் காலரும் கைப்பகுதியும் முதலில் யார் பிடியில் சிக்குகின்றன, யார் அந்தப் பிடியை வைத்து எதிராளியை அசைக்கிறார், யார் பிடியை உடைப்பதிலேயே நேரத்தைக் கழிக்கிறார் என்பதுதான் ஓர் ஆட்டத்தின் உண்மையான கணக்கு. ஒருவரது வலக்கை எதிராளியின் காலரை உயரத்தில் இறுகப் பிடித்துத் தலையைத் தாழ்த்திவிட்டால், தாழ்ந்தவர் நிமிர்வதற்கே தன் வலிமையைச் செலவிட்டுவிட்டுத் தாக்க முடியாமல் நிற்பார். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் கட்டிப்பிடித்து நிற்பது போலிருக்கும்; உள்ளே ஒருவர் மெல்ல மெல்ல ஷிடோவை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த முறை ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, ஒலியை நிறுத்திவிட்டு, முதல் ஒரு நிமிடம் நான்கு கைகளை மட்டும் பாருங்கள். யார் வெல்வார் என்று மகளைச் சொல்லச் சொல்லுங்கள். சில நாட்களிலேயே அவளது கணிப்பு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகும்.

தண்டனைகளால் ஆட்டம் முடிவதை நானும் விரும்புவதில்லை. ஆனால் இந்த விதிகள் பெரும்பாலும் அந்தக் குறையைக் களையவே மாறி வந்துள்ளன. 2016 ரியோ ஒலிம்பிக்கின் அதிக எடைப்பிரிவு இறுதியில் பிரான்சின் டெடி ரினேர், ஜப்பானின் ஹராசவா இருவருமே புள்ளி எதுவும் பெறவில்லை. ஷிடோ குறைவாகப் பெற்றவர் என்பதால் ரினேர் தங்கம் வென்றார். அரங்கில் கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டே விதி மாறி, ஷிடோ எண்ணிக்கையின் வேறுபாடு மட்டும் வெற்றியைத் தீர்மானிக்காது என்றானது. இன்று நான்கு நிமிடங்களில் சமநிலை நீடித்தால், கால வரம்பு இல்லாத கோல்டன் ஸ்கோர் தொடங்கும். ஒருவர் புள்ளி எடுக்கும்வரை, அல்லது ஒருவருக்கு மூன்றாம் ஷிடோ வரும்வரை அது நீளும். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 66 கிலோவில் ஜப்பானின் ஒரே இடத்துக்காக 2020 டிசம்பரில் ஹிஃபூமி அபேயும் ஜோஷிரோ மருயாமாவும் ஜூடோவின் தலைமையகமான கோடோகானில் மோதிய ஆட்டம் 24 நிமிடங்கள் நீடித்தது. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு நாடு ஒரு பிரிவில் இருவரை அனுப்பலாம், ஒலிம்பிக்கில் ஒருவர்தான். அன்று தோற்ற மருயாமா 2019இலும் 2021இலும் உலக சாம்பியன். அப்படிப்பட்டவர் ஒலிம்பிக்கை வீட்டிலிருந்து பார்த்தார். என் பார்வையில் அந்த 24 நிமிடங்கள், அதன் பிறகு நடந்த எந்த ஒலிம்பிக் இறுதியையும்விடச் சிறந்த ஜூடோ.

எல்லா விதி மாற்றங்களையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் கால்களைக் கையால் பிடித்துத் தாக்குவது கட்டுப்படுத்தப்பட்டு, 2013இல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. மல்யுத்தப் பின்புலத்திலிருந்து ஜூடோவுக்கு வந்த நம் வடநாட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது பெரிய இழப்பு. மறுபுறம், ஒருவருக்கு நீல நிற ஜூடோகி (ஜூடோ உடை) என்ற மாற்றத்தை ஜப்பான் நெடுங்காலம் எதிர்த்தது. நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க் முன்மொழிந்த அந்த யோசனை 1997இல்தான் ஏற்கப்பட்டது. நடுவராக இருந்தவன் என்ற முறையில் அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். இரண்டு வெள்ளை உடைகள் தரையில் சுற்றிப் புரளும்போது யாருடைய கை, யாருடைய முதுகு என்று பிரித்தறிவது எளிதன்று.

உதகை மாணவன் எழுதியது:

நடுவர் ஐயா, ஒரு சிறு சந்தேகம். உச்சிமாத்தா என்ற எறிதலைப் போடும்போது தலை பாயில் பட்டுவிட்டால் உடனே தகுதியிழப்பு என்கிறார்கள். தெரியாமல் பட்டாலும் அப்படித்தானா?

பழனிமலை நடுவர் எழுதியது:

தம்பி, தாக்குகிறவர் தலையை முன்னால் குத்தி விழும்படி பாய்ந்தால் நேரடியாக ஹன்சோகு-மாக்கே, அதாவது தகுதியிழப்பு; நோக்கம் பார்க்கப்படுவதில்லை. வீழ்கிறவர் முதுகு படாமல் தப்பிக்கத் தலையை ஊன்றி வளைந்து நின்றாலும் அதே முடிவுதான். கழுத்தெலும்பு முறிந்தால் வாழ்நாள் முழுவதும் சரியாகாமலே போகலாம். இந்த ஒரு விதியில் எந்த நடுவரிடமும் இரக்கத்தை எதிர்பார்க்காதே. பயிற்சியிலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிடு.

கோத்தகிரித் தந்தை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நடுவர் ஐயா சொன்னபடி ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மகள் என்னைவிட வெகு சரியாகக் கணித்தாள்.

என் மூன்றாவது கேள்வியை இன்னும் சற்றுத் தெளிவாகக் கேட்கிறேன். மலையில் வளரும் பிள்ளைகளுக்கு நுரையீரல் வலிமை இயல்பாகவே அதிகம் என்றும், அதுவே பெரிய சாதகம் என்றும் இங்கே பலர் சொல்கிறார்கள். அது உண்மையா? இன்னொன்று, அடுத்த போட்டியில் 40 கிலோ பிரிவில் இறங்கினால் பதக்கம் எளிது, அதற்காக உணவைக் குறைக்கலாம் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். மகளின் எடை இப்போது 43 கிலோவுக்குச் சற்று மேல். என்ன செய்வது?

கூடலூர் ஆசிரியை எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் உதகையில் பிறந்து வளர்ந்தவள்; கல்லூரிக் காலத்தில் மாநில அணியில் ஆடினேன்; இப்போது கூடலூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் மகளின் நிலையில் நானே இருந்திருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது அவசரமானது. தயவுசெய்து எடையைக் குறைக்க வைக்காதீர்கள். வளரும் பிள்ளையிடம் உணவையும் தண்ணீரையும் குறைத்து 40 கிலோவுக்கு இறக்கினால், அவளுடைய எலும்பும் மாதவிடாய்ச் சுழற்சியும் பாதிக்கப்படும். பதக்கமோ அடுத்த ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. பன்னாட்டு விதிகளில்கூட, முதல் நாள் எடை பார்த்தபின், போட்டி நாள் காலையில் சிலரைக் குலுக்கல் முறையில் அழைத்து மீண்டும் எடை பார்க்கிறார்கள். தம் பிரிவின் எல்லைக்கு மேல் 5 விழுக்காட்டைத் தாண்டினால் ஆட முடியாது. ஒரேயடியாக எடையை இறக்கி ஓரிரவில் ஏற்றிக்கொள்ளும் தந்திரத்தைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. இரண்டு ஆண்டுகளில் அவள் இயல்பாகவே 48க்கு வருவாள்; சீனியர் பிரிவில் பெண்களுக்கு மிகக் குறைந்த எடைப்பிரிவும் அதுதான். அங்கே வலுவோடு போய்ச் சேரட்டும்.

மலையின் சாதகத்தைப் பற்றி. உதகையும் மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டரில், உள்ளன. 1969ஆம் ஆண்டு உலக ஜூடோ சாம்பியன்ஷிப் அந்த மெக்சிகோ நகரில்தான் நடந்தது. சமவெளியிலிருந்து அங்கே போனவர்கள் மூச்சுக்குத் திணறியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. இத்தகைய உயரத்தில் பல வாரங்கள் தங்கிப் பயிற்சி செய்தால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பயன் நெடுந்தூர ஓட்டக்காரருக்குக் கிடைக்கும் அளவுக்கு ஜூடோ ஆடுகிறவருக்குக் கிடைப்பதில்லை. ஜூடோவில் சில நொடிகள் முழு வேகம், சில நொடிகள் பிடிப்போராட்டம் என்று மாறி மாறி வருகிறது. முதலில் ஓய்ந்துபோவது பெரும்பாலும் முன்கைதான். மேலும் நாம் ஆடப் போவதெல்லாம் கோவையிலும் சென்னையிலும். மே மாத வெயிலில் தடித்த ஜூடோகிக்குள் உடல் கொதிக்கும்போது, குளிருக்குப் பழகிய நம் பிள்ளைகள்தான் முதலில் தளர்கிறார்கள். முடிந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகவே கீழே இறங்கி, உறவினர் வீட்டில் தங்கி, அந்த வெப்பத்தில் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.

நம் மலைகளில் உண்மையான குறை வேறு. எதிராளிகள் இல்லை. ஜூடோவின் உயிர் ரண்டோரி எனப்படும் தடையற்ற பயிற்சி ஆட்டத்தில் இருக்கிறது. வெவ்வேறு உடல்களை, வெவ்வேறு பிடிகளை, இடக்கைக்காரர்களை, உயரமானவர்களை, குள்ளமானவர்களை மாற்றி மாற்றிச் சந்திக்கும்போதுதான் கை பேசக் கற்றுக்கொள்கிறது. ஒரு வகுப்பில் பத்துப் பெண்கள் இருந்து, அவர்களில் அவளுக்கு ஏற்ற எடையில் இருவர் இருந்தால், ஓராண்டில் மூவரும் ஒருவரையொருவர் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதன்பின் அது ஒத்திகைதான். பயிற்சியாளர் ஐயா முதல் ஆட்டத்திலேயே பாதிப்பேர் வெளியேறுவதைச் சொன்னார் அல்லவா? அந்த முதல் ஆட்டம் எப்போதும் அறிமுகமற்ற ஒருவரோடு நடக்கிறது. அறிமுகமற்ற கையைப் பிடித்துப் பழகாத பிள்ளைக்கு அங்கே நான்கு நிமிடங்கள் போதாது.

வரலாறு முழுவதும் இதற்குச் சான்று இருக்கிறது. 1956இல் டோக்கியோவில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது எடைப்பிரிவே இல்லை, பெண்களும் இல்லை. அங்கே வெண்கலம் பெற்ற நெதர்லாந்தின் கீசிங்க், ஜப்பானியரை வெல்ல வேண்டுமானால் ஜப்பானியரோடு பழக வேண்டும் என்று தென்ரி பல்கலைக்கழகத்துக்குப் போய் அவர்களுடைய பாயிலேயே நாள்தோறும் ஆடினார். 1961இல் பாரிஸில் ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்த முதல் உலக சாம்பியனானார். மூன்று ஆண்டுகள் கழித்து டோக்கியோவிலேயே ஜப்பானின் காமினாகாவை வென்று ஒலிம்பிக் தங்கமும் பெற்றார். இன்று பிரான்ஸ் இத்தனை பதக்கங்களைக் குவிப்பதற்கும் காரணம், அங்கே பதிவு பெற்ற ஜூடோ வீரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருப்பதுதான். எந்தச் சிற்றூரிலும் பிடித்து ஆட ஓர் எதிராளி கிடைப்பார். நம் நாட்டிலேயே பாருங்கள். மணிப்பூரின் லிந்தோய் சனம்பம், தன் ஊரை விட்டுக் கர்நாடகத்தின் விஜயநகரில் உள்ள பயிற்சி நிறுவனத்துக்குப் போய், ஜார்ஜியா நாட்டுப் பயிற்சியாளரிடம் கற்று, 2022இல் சரயேவோவில் 57 கிலோவில் உலக கேடட் சாம்பியனானாள். எந்த வயதுப் பிரிவிலும் உலக சாம்பியன்ஷிப் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவள்தான். அந்த கேடட் பிரிவு 18 வயதுக்கு உட்பட்டோருக்கானது. அதில் 44 கிலோ பிரிவும் உண்டு என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

எனவே என் கருத்து, பத்தாம் வகுப்பு முடிந்ததும் சமவெளியில் நல்ல ஜூடோ கூடமுள்ள ஒரு விளையாட்டு விடுதியில் சேர்ப்பதுதான்.

குன்னூர் பயிற்சியாளர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதில் எதிராளிகளைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் விடுதி என்ற முடிவுக்கு இவ்வளவு விரைவாகப் போக வேண்டாம் என்று கருதுகிறேன். பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் போய், அங்கே மனம் ஒட்டாமல், விளையாட்டையே விட்டுவிட்டுத் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். லிந்தோயைப் போல ஒருவர் வெளியே வரும்போது, பெயர் தெரியாமல் திரும்பியவர்கள் பலர். அதற்கு முன் செய்யக்கூடியவை உள்ளன. குன்னூர், உதகை, கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் இருக்கும் சிறு வகுப்புகள் மாதம் ஒரு ஞாயிறு ஓரிடத்தில் கூடி ரண்டோரி மட்டும் செய்தால், அவளுக்கு இரண்டு எதிராளிகளுக்குப் பதில் பத்துப் பேர் கிடைப்பார்கள். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. பேருந்துக் கட்டணமும் நல்ல பாயும் போதும். பாய் என்று சொன்னதால் ஓர் எச்சரிக்கை. கராத்தே வகுப்புகளில் விரிக்கும் மெல்லிய நுரைப்பாயில் எறிதல் பயிற்சி செய்ய விடாதீர்கள். தோள்பட்டை எலும்பு முறிவுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு வகுப்பை நான் மனமார வரவேற்கிறேன். கூடலூரிலிருந்து என் மாணவிகளை அழைத்து வருவேன். ஆனால் மாதம் ஒருமுறை கிடைப்பது, நாள்தோறும் கிடைப்பதற்கு ஈடாகாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஓராண்டு இப்படிச் செய்து பார்த்துவிட்டு, அவள் தானாகவே போக வேண்டும் என்று கேட்டால், அப்போது தடுக்காதீர்கள், அண்ணா. பெற்றோர் முடிவெடுத்து அனுப்பிய பிள்ளையும், தானே கேட்டுப் போன பிள்ளையும் விடுதியில் ஒன்றுபோல் தாக்குப்பிடிப்பதில்லை.

இன்னொரு நடைமுறைச் செய்தி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊர்களில் ஜூடோகி எளிதில் உலராது. சுத்தமாகவும் உலர்ந்தும் துர்நாற்றமின்றியும் இருக்க வேண்டும் என்பது விதி. கையை முன்னே நீட்டினால் கைப்பகுதி மணிக்கட்டு வரை வர வேண்டும். துவைக்கத் துவைக்கப் பருத்தி சுருங்கும் என்பதால், வாங்கும்போதே சற்று நீளமாக வாங்குங்கள். இரண்டு உடைகள் கைவசம் இருந்தால்தான் ஜூன், ஜூலையில் சமாளிக்க முடியும். சமையலறை அடுப்பின் பக்கத்தில் தொங்கவிட்டால் புகை வாடை ஏறிவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கோத்தகிரித் தந்தை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எடையைக் குறைக்கும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிட்டோம். அவள் 44 கிலோவிலேயே இறங்குவாள். கூட்டு வகுப்பு குறித்து எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் பேசினேன். பள்ளியின் கூடத்தைத் தர நிர்வாகம் ஒப்புக்கொள்ளும் என்று நம்புகிறார். பாய் மட்டும் குறைவாக இருக்கிறது. பயிற்சியாளர் ஐயா, குன்னூரிலிருந்து சில பாய்களை வண்டியில் ஏற்றி வர இயலுமா? வண்டி ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குன்னூர் பயிற்சியாளர் எழுதியது:

தாராளமாக ஏற்றி வரலாம், ஐயா. அடுத்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்களுக்கு வசதி. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால், கூடலூரிலிருந்து வருகிறவர்கள் மாலைப் பேருந்தைப் பிடிக்க முடியும். மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: இனி உலக சாம்பியன்ஷிப் பார்க்கும்போது மாலை நேர இறுதி ஆட்டங்களோடு நிறுத்திவிடாமல், பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பின் இணைய ஒளிபரப்பில் காலைச் சுற்றுகளையும் பார்க்கட்டும். கோடைக்காலத்தில் புடாபெஸ்ட் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே காலை பத்து மணிக்கு நடப்பது நமக்குப் பிற்பகல் ஒன்றரை மணிக்கு வரும். 48 கிலோவின் முதல் சுற்றில், இருபதாம் தரவரிசைக்காரர் நாற்பதாம் தரவரிசைக்காரரை எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் அவளுக்கு இப்போது பயன்படும் பாடம்.